முதற்சோதனையும் முடிவும்

தணிக்கைக்குச் செல்லும் அதிகாரி, சங்கக் கணக்கில் ஒரு தொகைக்கு ரசீது காணவில்லையென்றால் ஏட்டின் ஓரத்தில் பென்சிலால் ஒரு குறியிடுவார். அக்குறிக்குக் கையாடல் என்று பொருளன்று. இதை மறுமுறை பார்க்க வேண்டும் என்பதே பொருள். பெரும்பாலும் ரசீது வேறொரு கோப்பில் கிடைத்துவிடும். இதை நன்கு அறிந்த நெசவாளர் ஒருவரே, தம் ரத்தத்தைப் பற்றி அத்தகைய குறி ஒன்று இடப்பட்டபோது அதைத் தீர்ப்பென்று கொண்டு, இரண்டு வாரம் தறியில் அமராதிருந்தார்.

நான் தணிக்கை செய்யும் சங்கமொன்றின் நிர்வாகக் குழு அங்கத்தினர் அவர். சங்கத்தில் நடந்த ரத்ததான முகாமில் முதல் ஆளாகக் கை நீட்டியவர். சில நாட்களுக்குப் பின் ரத்த வங்கியிலிருந்து அழைப்பு வந்தது. சென்றவரை நடைவழியிலேயே நிறுத்தி, எச்.ஐ.வி. சோதனையில் 'ரியாக்டிவ்' என்று வந்திருக்கிறது, நம்பிக்கை மையத்துக்குப் போங்கள் என்று சொல்லி ஒரு சீட்டைக் கொடுத்தனர். அச்சொல்லுக்கு என்ன பொருள் என்று அவர் கேட்கவுமில்லை, அவர்கள் சொல்லவுமில்லை. வீட்டில் மனைவியிடம் மறைத்தார். குழந்தையைத் தூக்குவதை நிறுத்தினார். பாவு பாதியில் நின்றது. உற்பத்தி ஏட்டில் அவர் பெயருக்கு எதிரே ஒன்றும் எழுதப்படாதிருக்கக் கண்டு நான் காரணம் கேட்டபோதுதான், கட்டடத்தின் பின்புறம் அழைத்துச் சென்று அச்சீட்டைக் காட்டினார். "ஐயா, இனி நான் நூல் வாங்கி என்ன செய்வது?" என்றார்.

முதற்சோதனை என்பது யாது? கிருமி உடலில் புகுந்தால் அதை எதிர்க்க ரத்தத்தில் சில எதிர்ப்பொருள்கள் உண்டாகின்றன. அவற்றைத் தேடுவதே பெரும்பாலான முதற்சோதனைகளின் வேலை. நான்காம் தலைமுறைச் சோதனை என்பது அவற்றோடு கிருமியின் பி-24 என்ற புரதத்தையும் சேர்த்துத் தேடும். வேறு காரணத்தால் உடலில் தோன்றிய எதிர்ப்பொருளும் சில வேளை இச்சோதனையில் ஒட்டிக்கொள்வதுண்டு. பால் சங்கத்தார்க்கு இது புதிதன்று. கொழுப்பு மிக ஏறிய பாலிலும், கறந்த சூடு ஆறாத பாலிலும், தண்ணீர் கலந்த பாலிற்போலவே லாக்டோமீட்டர் அமிழும். அதைக் கொண்டு மட்டும் அங்கத்தினரைக் குற்றவாளியாக்கும் சங்கம் நீடிக்காது. ரத்த வங்கியோ, ஐயத்துக்குரிய ஒரு பை ரத்தங்கூடப் பிறர் உடலில் ஏறிவிடலாகாது என்று சல்லடைக் கண்ணை மிக நெருக்கமாக வைத்திருக்கிறது. நல்ல மணிகள் சில அதில் தங்கிவிடுவது இயல்பே.

கணக்கு வழியாகவும் பார்ப்போம். நம் நாட்டில் வயது வந்தோரில் ஏறக்குறைய ஆயிரத்துக்கு இருவரிடம் இக்கிருமி இருப்பதாக மதிப்பிடுகின்றனர். 10,000 பேரைச் சோதித்தால் கிருமி உள்ளவர் 20 பேர். கிருமி இல்லாத ஆயிரம் பேரில் ஐவரைத் தவறாகச் சுட்டும் சோதனை என்று கணக்குக்காக வைத்துக்கொள்வோம். மீதி 9,980 பேரில் ஏறக்குறைய 50 பேர் வீணே சுட்டப்படுவர். ஆக, சீட்டுப் பெற்ற 70 பேரில் உண்மையாகவே கிருமி உள்ளவர் 20 பேர்தாம். இது சோதனையின் குறையன்று; அரிய நோயைப் பலரிடம் தேடும் எந்தச் சோதனைக்கும் இக்கணக்கு பொருந்தும்.

இதனாற்றான் வேறு வேறு முறையிலான மூன்று சோதனைகளும் ஒருமுகமாகச் சொன்னாலன்றி, நோய்க்குறி இல்லாத ஒருவருக்குக் கிருமி உண்டென்று நம்பிக்கை மையங்கள் எழுதிக் கொடுப்பதில்லை. 1986ஆம் ஆண்டில் சென்னை மருத்துவக் கல்லூரியின் டாக்டர் சுனிதி சாலமனும் அவர் மாணவி நிர்மலாவும் இந்தியாவில் இக்கிருமியை முதன்முதலில் கண்டபோதும் இவ்வாறே நடந்தது. வேலூரில் செய்த எலைசா சோதனையோடு அவர்கள் அமையவில்லை. வேறு முறையில் உறுதி செய்ய ரத்தம் அமெரிக்காவுக்கு அனுப்பப்பட்டது.

நம் நெசவாளர் மறுநாள் நம்பிக்கை மையத்துக்குச் சென்றார். அங்கிருந்த ஆலோசகர் அவரை உட்காரவைத்து, தனியறையில் அரைமணி நேரம் பேசிய பிறகே ரத்தம் எடுக்க ஒப்புதல் கேட்டார். கட்டணமில்லை. கிருமி இல்லை என்று முடிவு வந்தது. முதற்சீட்டோடு முரண்பட்டதால் சில வாரங்கள் கழித்து மறுபடியும் வரச் சொன்னார்கள், அப்போதும் இல்லை.

விஷயம் அத்துடன் முடிந்திருக்க வேண்டும். ஆனால் அடுத்த தணிக்கையில், அவர் சங்கத்தில் மும்முறை முன்பணம் பெற்றிருந்ததைக் கண்டேன். எல்லாம் தனியார் சோதனைச் சாலைகளுக்குப் போயிருந்தது. ஆறு சீட்டுகள் வைத்திருந்தார். ஆறும் இல்லை என்றே கூறின. ஒவ்வொன்றும் நாலைந்து நாள் நிம்மதி தந்ததாம். பிறகு கழுத்தில் கட்டி உண்டா என்று தடவிப் பார்ப்பார்; தடவித் தடவியே அவ்விடம் வலிக்கும். கவலையால் உணவு குறைந்து உடல் மெலியும். மெலிந்ததையே நோய்க்குச் சான்றாகக் கொள்வார். எட்டு ஆண்டுகளுக்கு முன், மணமாவதற்கு முன்னர் நேர்ந்த ஒன்றை அவர் மனம் அச்சீட்டோடு முடிச்சுப் போட்டிருந்தது. அந்த மனச்சுமையை அளக்கும் ரத்தப் பரிசோதனை எந்தச் சாலையிலும் இல்லை.

சோதனையின் 'இல்லை' எப்போது முடிவாகும் என்பதையும் அறிய வேண்டும். கிருமி புகுந்த உடனே சோதனையில் தெரியாது. சோதனைச் சாலையில் செய்யும் நான்காம் தலைமுறைச் சோதனையாயின், ஐயத்துக்குரிய நாளிலிருந்து 45 நாட்கள் கழிந்தபின் வரும் 'இல்லை' முடிவானது. எதிர்ப்பொருளை மட்டும் தேடும் துரிதச் சோதனைக்கு 90 நாட்கள் எனக் கொள்ள வேண்டும். எட்டு ஆண்டு என்பது அவ்வெல்லையை எத்தனையோ மடங்கு கடந்தது.

அரசு மருத்துவமனையின் மனநல மருத்துவர் அவரிடம் கண்டிப்பாகச் சொன்னது, ஏழாவது சோதனை வேண்டா என்பதே. ஒவ்வொரு சோதனையும் அச்சத்துக்குக் கொடுக்கும் வட்டி என்றாராம். எனக்கு அவ்வுவமை பிடித்திருந்தது. கழுத்தைத் தடவும் எண்ணம் வந்தால் அரைமணி நேரம் தள்ளிப் போடவும், கைப்பேசியில் நோய்க்குறிகளைத் தேடுவதை நிறுத்தவும், மனைவியிடம் நடந்ததைச் சொல்லவும் கூறினார். கடைசியதுதான் கடினமாக இருந்ததாம். சில வாரம் உளச்சிகிச்சைக்கும் சென்று வந்தார். அச்சம் முற்றும் போய்விடவில்லை. வந்தாலும் நாடாவை நிறுத்துவதில்லை என்கிறார்.

முடிவு உண்டு என்றே வருவோரும் இருப்பர். அரசு மையங்களில் கூட்டு மருந்து இலவசம். நாள்தோறும் தவறாது உண்டு, ரத்தத்தில் கிருமி தென்படாத நிலையை எய்தி அதில் நிலைப்பவரிடமிருந்து உடலுறவு வழியாக அது பிறர்க்குத் தொற்றுவதில்லை. தறியாலும், குடிநீராலும், கொசுவாலும் தொற்றுவதே இல்லை. 2018 முதல் நடைமுறையிலுள்ள எச்.ஐ.வி. சட்டம், ஒப்புதலின்றிச் சோதிப்பதையும், வேலையிலிருந்து இதன்பொருட்டு நீக்குவதையும் தடை செய்கிறது. சங்கக் காரியதரிசிகள் இதை நினைவிற் கொள்க. அந்த இரண்டு வாரத்துக்கு ஏட்டில் என்ன காரணம் எழுதுவது என்று குமாஸ்தா என்னைக் கேட்டார். சொந்த அலுவல் என்று எழுதச் சொன்னேன்.

நம்பிக்கை மையம் அரசு மருத்துவமனைகளில் உண்டு. ஐயம் கேட்க 1097, மனக்கலக்கத்துக்கு 14416. இரண்டும் கட்டணமில்லாத் தொலைபேசி எண்கள்.