மழைக்கு முன் உபரி ராணியை இடம் மாற்றுங்கள்

கன்னியாகுமரி மாவட்டத்தில் ரப்பர் தேன் அறுவடை ஏப்ரலில் முடிகிறது. அதன்பின் தேனீ வளர்ப்போர் பலர் பெட்டிகளைத் திறந்து பார்ப்பதில்லை. ஆனால் மே மாதம் செய்யும் ஒரு வேலைதான் அடுத்த ஆண்டுக்கு எத்தனை பெட்டிகள் மிஞ்சும் என்பதை முடிவு செய்கிறது. ராணி இல்லாத பெட்டிகளைக் கண்டுபிடித்து, உபரியாக உள்ள ராணிகளை அவற்றுக்குக் கொடுப்பதே அந்த வேலை. குளிர் நாடுகளில் பனிக்காலத்துக்கு முன் செய்வதை நாம் தென்மேற்குப் பருவமழைக்கு முன் செய்ய வேண்டும்.

ஏன் மே மாதம்?

ஜூன் முதல் செப்டம்பர் வரை தேனீக்களுக்குப் பஞ்ச காலம். மழையால் வெளியே பறக்கவும் முடியாது. ராணியை இழந்த பெட்டியில், அது கடைசியாக இட்ட முட்டைகள் சுமார் மூன்று வாரத்தில் பணித் தேனீக்களாக வெளிவந்துவிடும். பிறகு புதிய தேனீ பிறக்காது. கூட்டம் குறையக் குறைய அடைகளைக் காக்க ஆள் இருக்காது. மெழுகுப் பூச்சி புகுந்து பெட்டியையே அழித்துவிடும்.

அவை தாமாகப் புதிய ராணியை வளர்த்தாலும் மழைக்காலத்தில் பயனில்லை. கன்னி ராணி வெயிலில் பறந்து சென்று ஆண் தேனீக்களுடன் இணைந்தால்தான் பணித் தேனீக்களுக்கான முட்டை இடும். தொடர் மழையில் அது நடக்காது. எனவே, ஏற்கெனவே முட்டையிடும் ராணியைக் கொடுப்பதே பாதுகாப்பு.

உபரி ராணி எங்கே கிடைக்கும்?

பலவீனமான இரண்டு பெட்டிகளை ஒன்றாக்கும்போது ஒரு ராணி மிஞ்சும். தாமதமாகப் பிரிந்து வந்த சிறு கூட்டத்தைப் பிடித்து வைத்திருந்தால் அதிலும் ஒன்று இருக்கும். அதை நசுக்கிவிடாதீர்கள். அடையில் இடைவெளி இல்லாமல், அறைக்கு ஒன்றாக முட்டை இடும் ராணி என்றால் அது விலைமதிப்புள்ளது. ஆனால் நோய் கண்ட பெட்டியின் ராணியை எக்காரணம் கொண்டும் மாற்றக் கூடாது. 1990களின் தொடக்கத்தில் தாய் சாக் புரூட் என்ற வைரஸ் நோய் தென்னிந்தியாவின் அடுக்குத் தேனீக் குடும்பங்களைப் பெருமளவில் அழித்ததை மூத்த வளர்ப்பாளர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

ராணி இல்லை என்பதை உறுதி செய்யுங்கள்

முட்டையும் இளம் புழுவும் காணவில்லை என்பதால் மட்டும் முடிவுக்கு வர வேண்டாம். வேறு பெட்டியிலிருந்து முட்டையும் இளம் புழுவும் உள்ள ஒரு சட்டத்தைத் தேனீக்களை உதறிவிட்டு வையுங்கள். இரண்டு மூன்று நாளில் அதில் ராணி அறைகள் கட்டத் தொடங்கினால் ராணி இல்லை என்று பொருள். புதிய ராணியை வைக்குமுன் அந்த அறைகளைக் கிள்ளி எடுத்துவிட வேண்டும்.

ஒரே அறையில் பல முட்டைகள் தாறுமாறாக இருந்தால் பணித் தேனீக்களே முட்டையிடத் தொடங்கிவிட்டன. அந்தப் பெட்டிக்கு ராணியைக் கொடுத்தால் பெரும்பாலும் கொன்றுவிடும். அதைப் பலமான பெட்டியுடன் இணைத்துவிடுவதே மேல்.

எப்படிக் கொடுப்பது?

ராணிக் கூண்டு இல்லாவிட்டால் கம்பி வலையை விரல் பருமனுக்குச் சுருட்டிக் கொள்ளலாம். ராணியை உள்ளே விட்டு, வாயைத் தேனில் பிசைந்த சர்க்கரைப் பொடியால் அடைத்து, நடுவில் உள்ள இரு சட்டங்களுக்கு இடையே மாலை நேரத்தில் தொங்கவிடுங்கள். தேனீக்கள் சர்க்கரையைத் தின்று வழி திறப்பதற்குள் ராணியின் வாசனை கூட்டத்தில் பரவிவிடும்.

மறுநாள் மெதுவாகத் திறந்து பாருங்கள். தேனீக்கள் கூண்டின் மேல் தளர்வாக நடந்து ராணிக்கு உணவூட்டினால் ஏற்றுக்கொண்டன. கம்பியைக் கவ்விப் பந்துபோல் மொய்த்தால் வாயை மீண்டும் அடைத்து இன்னும் ஒரு நாள் காத்திருங்கள். ராணி வெளியே வந்த பிறகு ஒரு வாரம் பெட்டியைத் தொடாதீர்கள். பிறகு முட்டை தெரிந்தால் வேலை முடிந்தது.

ராணி தேவைப்படும் பெட்டி உங்களிடம் இல்லையா? பக்கத்துத் தோட்டக்காரரிடம் கேளுங்கள். கூண்டில் நாலைந்து பணித் தேனீக்களுடன் சட்டைப் பையில் வைத்து, வெயில் படாமல் அன்றே கொண்டுபோய்ச் சேர்க்கலாம்.

ராணி வந்துவிட்டால் மட்டும் போதாது. மழை முடியும்வரை பெட்டிக்கு வாரம் 200 கிராம் சர்க்கரையைச் சம அளவு நீரில் கரைத்துக் கொடுங்கள். தேனீக்கள் மொய்க்காத காலி அடைகளை எடுத்துவிடுங்கள். அக்டோபரில் கூட்டம் பெருகத் தொடங்கும்போது, மே மாதத்தில் காப்பாற்றிய அந்தப் பெட்டியும் பிரித்தெடுக்கத் தயாராக இருக்கும்.