தீர்த்தமும் மருந்தும்

காவிரியின் வடகரையில், திருச்சியிலிருந்து முசிறிக்குச் செல்லும் வழியில் உள்ளது குணசீலம். குணசீல மகரிஷியின் தவத்துக்கு இரங்கி எழுந்தருளிய பிரசன்ன வேங்கடாசலபதி, இத்தலத்தில் திருக்கரத்தில் செங்கோல் ஏந்தி அருள்பாலிக்கிறார். மனநலம் குன்றியோரை உறவினர்கள் இங்கே அழைத்துவந்து, ஒரு மண்டலம், அதாவது 48 நாட்கள், தங்கவைப்பது நெடுங்கால வழக்கம். உச்சிக்காலப் பூஜையிலும் அர்த்தஜாமப் பூஜையிலும் அவர்கள் முகத்தில் தீர்த்தம் தெளிக்கப்படுகிறது. இன்று அங்கே மருத்துவரின் மேற்பார்வையுடன் கூடிய மறுவாழ்வு இல்லமும் இருக்கிறது. பெருமாளின் தீர்த்தமும் மருத்துவரின் மாத்திரையும் ஒரே வளாகத்தில் ஒன்றுக்கொன்று துணை நிற்கின்றன.

ஆலயவாசம் மனநோயாளருக்கு உண்மையிலேயே ஆறுதல் தருகிறதா? மனநல மருத்துவர் ரகுராமும் அவர்தம் குழுவினரும் இதை ஆராய்ந்தனர். தமிழகத்தின் வேலாயுதம்பாளையம்புதூரில் உள்ள முத்துசுவாமி கோயிலில் தங்கியிருந்த 31 பேரைக் கவனித்து, 2002-ஆம் ஆண்டு பிரிட்டிஷ் மருத்துவ இதழில் ஆய்வை வெளியிட்டனர். அங்கே விசேஷச் சடங்குகள் எவையும் இல்லை. காலையில் எளிய வழிபாடு. பிறகு கோயிலைத் துப்புரவு செய்தல், செடிகளுக்கு நீர் ஊற்றுதல் போன்ற சிறு பணிகள். அவர்களை எவரும் ஏளனம் செய்யவில்லை, விரட்டவில்லை. நோயின் கடுமையை அளக்கும் கணக்கு ஏறத்தாழ 20 சதவீதம் குறைந்திருந்தது. மருந்து வேண்டாம் என்பது இதன் பொருளன்று. ஆய்வு மிகச் சிறியது. ஆயினும் அன்பான சூழலும், கைக்கு ஒரு வேலையும், பழகிய தெய்வத்தின் சந்நிதியும் மனத்தைத் தேற்றும் என்பதை அது காட்டியது.

நம்பிக்கை மட்டும் இருந்து, பராமரிப்பு இல்லாவிடில் என்ன நேரும் என்பதற்கும் தமிழகமே சாட்சி. 2001-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் காப்பகம் ஒன்றில் தீப்பிடித்தபோது, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தவர்கள் தப்பியோட இயலாமல் 28 பேர் மாண்டனர். மனநோயாளரைச் சங்கிலியிடுவதை 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் தடை செய்கிறது. ஏர்வாடி தர்காவுக்கு வருவோருக்கும் பிற்காலத்தில் பிரார்த்தனையுடன் மருத்துவம் கிடைக்க அரசு வழி செய்தது.

கைக்கு ஒரு வேலை தருவதன் பயனை மேலைநாட்டினரும் உணர்ந்தனர். காசநோய் விடுதியில் படுத்திருந்த ஏட்ரியன் ஹில் என்னும் ஆங்கில ஓவியர், படம் வரைவது தம் மனத்துக்குத் தந்த தெம்பை உணர்ந்து, 1942-இல் அதற்குக் 'கலைச் சிகிச்சை' என்று பெயரிட்டார். இதில் படத்தின் அழகுக்கு மதிப்பெண் இல்லை. வாயால் சொல்ல முடியாத துயரம் கைவழியே வெளிவர, பயிற்சி பெற்றவர் அருகிலிருந்து துணை செய்கிறார்.

ஆனால் எழுபது வயது மூதாட்டியிடம் வண்ணப் பென்சிலை நீட்டினால், 'இது குழந்தைகள் செய்வதாயிற்றே' என்று அவர் கூசக்கூடும். கோலமாவோ, தொடுப்பதற்குப் பூவும் நாரும் கொண்ட கூடையோ அவர் முன் வைக்கப்பட்டால் விரல்கள் தாமே இயங்கத் தொடங்கும். புள்ளிகளை எண்ணி, இழையைச் சுற்றி இணைக்கையில் அலைபாயும் மனம் ஓரிடத்தில் நிற்கிறது; மெல்லப் பேச்சும் பிறக்கிறது.

இங்கேயும் பக்குவம் வேண்டும். துக்கம் நிகழ்ந்த வீட்டு வாசலில் கோலமிடுவதில்லை. அண்மையில் கணவரை இழந்த ஒருவரிடம் கேளாமலே கோலமாவைத் தந்தால் அது மருந்தாகாமல் புண்ணைக் கிளறிவிடும். மனநல ஆலோசகர் முதலில் கேட்டறிய வேண்டியது இதையே: இவர் குடும்பத்தின் வழக்கம் என்ன? எது ஆறுதல், எது வேதனை? இஸ்லாமியருக்கும் கிறிஸ்தவருக்கும் அவரவர் மரபே துணையாதல் வேண்டும். வழிபாட்டில் நாட்டமில்லாதவரிடம் அதைத் திணித்தலும் தகாது.

மூத்தோர் பெரும்பாலும் 'மனச்சோர்வு' என்று சொல்வதில்லை. 'நெஞ்சு படபடக்கிறது', 'உடம்பெல்லாம் எரிகிறது', 'இரவெல்லாம் உறக்கமில்லை' என்பார்கள். கோயிலுக்குத் தவறாது சென்றவர் செல்ல மறுப்பதும், உணவில் வெறுப்பும், 'இனி இருந்து என்ன பயன்' என்ற பேச்சும் வாரக்கணக்கில் நீடித்தால், அதை வயதின் இயல்பென்றோ கர்மவினை என்றோ விட்டுவிடலாகாது. மருத்துவரை அணுக வேண்டும். அரசின் 'டெலி மானஸ்' சேவையை 14416 என்ற எண்ணில் இரவும் பகலும் கட்டணமின்றி அழைக்கலாம், தமிழிலும் பேசலாம். நேர்ந்துகொண்டதற்காக மருந்தைத் தாமாகவே நிறுத்துதலும் கூடாது.

மகனுக்கோ மருமகளுக்கோ மனநோய் கண்டால், ஊர் என்ன சொல்லும் என்று அறைக்குள் மறைத்துவைக்கும் குடும்பங்கள் இன்றும் உண்டு. அவ்வீட்டுப் பெரியவர் ஒருவர், 'இதுவும் சர்க்கரை நோய்போல ஒரு நோய்தான். மருத்துவரிடமும் போவோம், பெருமாளிடமும் போவோம்' என்று சொன்னால் போதும். பூட்டிய கதவு திறக்கும். குணசீலத்துக்கு வருவோர் தனியே வருவதில்லை. உடன் ஓர் உறவு வந்து, 48 நாட்களும் அருகிலேயே இருக்கிறது. நோயுற்றவருக்கு முதல் தீர்த்தம் அந்த உறவின் துணையே.