ஆற்றோரத்துக்கு வரும் பனிக்கால விருந்தாளிகள்



பனிக்காலத்தில் நுவரெலியா விக்டோரியா பூங்காவுக்குப் போனால், வெளிநாட்டுக்காரர் சிலர் பூப்பாத்திகளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, ஓரமாக ஓடும் ஓடையையே பார்த்து நிற்பதைக் காணலாம். அந்தத் தண்ணீர் அப்படியொன்றும் சுத்தமானதல்ல. பிறகு என்னத்தைப் பார்க்கிறார்கள்? குருவியைத்தான்.

அதில் ஒன்று காஷ்மீர் ஈப்பிடிப்பான். சிட்டுக்குருவியிலும் சின்னது. ஆணுக்குத் தொண்டையும் நெஞ்சும் செங்கல் நிறம், அதன் இரு பக்கமும் கறுப்புக் கரை. காஷ்மீர்க் காட்டில் குஞ்சு பொரித்துவிட்டு, அங்கே குளிர் தொடங்கியதும் ஏறத்தாழ 3,000 கிலோமீற்றர் பறந்து நம்ம மலைநாட்டுக்கு வருகிறது. ஒக்டோபர் வாக்கில் வந்தால் மார்ச் வரை இருக்கும். உலகத்திலேயே இது குறைவான இனம். அங்கே காடு அழிவதுதான் முக்கிய காரணம்.

இன்னொன்று இமயமலைப் பக்கமிருந்து வரும் பூங்குருவி. ஆண் கறுப்பும் வெள்ளையும், கண்ணுக்கு மேலே வெள்ளைப் பட்டை, மஞ்சள் அலகு. சரியான கூச்சக்காரன். ஆறுமணிக்குருவியோ விடியவும் பொழுது சாயவும் விசிலடித்துத் தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும். பச்சை முதுகு, கட்டை வால், வாலடியில் சிவப்பு.

ஏன் ஆற்றோரம்? இந்தக் குருவிகளுக்குப் பற்றையும் ஈரமண்ணும் சருகும் வேண்டும். சருகைக் கிளறித்தான் பூங்குருவியும் ஆறுமணிக்குருவியும் புழு பூச்சி பிடிக்கும். சுத்தமாகப் புல் வெட்டிய தேயிலை மலையில் அது எங்கே இருக்கிறது? ஆகவே விறகுக்குக் கவ்வாத்து மலை மிலாறை எடுங்கள், ஆற்றோரப் பற்றையில் கத்தி வைக்காதீர்கள். மருந்தடிக்கும் டாங்கியை ஆற்றில் கழுவுவதையும் விட வேண்டும். தண்ணீர்ப் பூச்சி செத்தால் குருவிக்கு இரை குறையும். கீழ்க்கணக்கு லயத்துப் பிள்ளைகள் குடிப்பதும் அந்தத் தண்ணீரைத்தானே!

பார்ப்பதற்குத் தூரதேசத்துக் கருவி ஒன்றும் வேண்டாம். உண்மையில், விடியக்காலம் பெரட்டுக்குப் போகும் நம்ம பெண்களுக்குத்தான் நல்ல வாய்ப்பு. பாலத்துக்கிட்ட சத்தம் போடாமல் பத்து நிமிஷம் நில்லுங்கள். சருகு சரசரத்தால் அந்தப் பக்கம் கண்ணை வையுங்கள், கிட்டப் போகாதீர்கள். கல்லெறியும் பையன்களுக்கு ஒரு வார்த்தை: அவ்வளவு தூரம் பறந்து வந்த உயிர், தம்பிமாரே.

கண்டவர்கள் நாள், நேரம், இடம் மூன்றையும் ஒரு துண்டில் எழுதி, பிள்ளைக் காம்பராவில் கொடுத்துவிடுங்கள்.