விசைப்பலகையே வழிகாட்டி

கணிப்பொறியில் ஒரு நிரலைத் திறக்க நாம் என்ன செய்கிறோம்? விசைப்பலகையிலிருந்து கையை எடுத்து, சுட்டியைப் பிடித்து, பட்டியல் பட்டியலாகத் தேடுகிறோம். இந்த அலைச்சலைக் குறைக்க வந்தவையே ஏவு நிரல்கள். மேக் கணிப்பொறிகளுக்காக 2003-இல் வெளிவந்த குவிக்சில்வர் இவற்றுள் புகழ் பெற்றது.

இரண்டு விசைகளை ஒருசேர அழுத்தினால் திரையில் சிறு கட்டம் தோன்றும். வேண்டியதன் பெயரில் ஓரிரு எழுத்துகளைத் தட்டினாலே போதும். அது வந்து நிற்கும். எப்படி? நூலகர் அட்டைப் பட்டியல் எழுதி வைப்பதுபோல, இந்நிரல் பெயர்களையெல்லாம் முன்கூட்டியே அட்டவணைப்படுத்தி வைக்கிறது. தேடும்போது வட்டு முழுவதையும் துழாவாமல் அட்டவணையை மட்டும் பார்க்கிறது. ஒரே எழுத்துக்குப் பல பெயர்கள் பொருந்தினால்? முன்பு நாம் தேர்ந்தெடுத்ததை நினைவில் கொண்டு, அதனை முதலில் காட்டுகிறது.

நம் கோப்புகளின் பெயர்களையெல்லாம் அறிந்துகொள்ளும் நிரலை நம்பலாமா? 2007-இல் குவிக்சில்வரின் மூலநிரல் அனைவருக்கும் திறந்துவிடப்பட்டது. விவரம் அறிந்த எவரும் அதைப் படித்துச் சோதிக்கலாம். மற்றொரு நன்மையும் விளைந்தது. ஆக்கியவர் ஒதுங்கிய பின், தன்னார்வலர்கள் அதனை ஏற்றுத் திருத்திப் பேணினர். மூடிய நிரலாயிருந்தால் அது ஆசிரியரோடு நின்றிருக்கும் அல்லவா?