சாதுவான நாய் வேண்டும் என்று கேட்கும் குடும்பங்களுக்கு

"குழந்தைங்களோட நல்லா ஒட்டிக்கும் சார், அதிகமா குரைக்காது, பராமரிப்புன்னு பெருசா எதுவும் கிடையாது." நாய்க்குட்டி விற்கும் இடத்தில் லேப்ரடாரைக் காட்டினாலும் இதையே சொல்வார்கள், ஷிட்சூவைக் காட்டினாலும் பீகிளைக் காட்டினாலும் இதையே சொல்வார்கள். இந்தப் பேச்சை நம்பி வாங்கிய குட்டி, ஒரு வயது தாண்டியதும் மொட்டை மாடியில் சங்கிலியில் கிடப்பதைத் தெருவுக்குத் தெரு பார்க்கலாம். சாதுவான இனம் என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு நாய் தேடுவதில்தான் கோளாறு தொடங்குகிறது. ஒரு நாய்க்கு எவ்வளவு ஓட்டம் வேண்டும், எவ்வளவு முடி கொட்டும், என்ன நோய் வரும் என்பதை இனத்தை வைத்து ஓரளவு சொல்லலாம். குணம் அப்படி இல்லை. தாயின் இயல்பு, முதல் சில வாரங்களில் மனிதக் கை பட்டதா இல்லையா, உங்கள் வீட்டில் அதை எப்படி நடத்துகிறீர்கள் என்ற மூன்றும் சேர்ந்து உருவாக்குவது அது.

லேப்ரடாரையே எடுத்துக்கொள்வோம். பெரும்பாலும் நல்ல குணம், உண்மைதான். ஆனால் வளர்ந்தால் 25 முதல் 35 கிலோ வரை வரும். முதல் இரண்டு ஆண்டுகள் ஒரு நிமிடம் சும்மா இருக்காது, செருப்பு முதல் சோபா வரை கடிக்கும், ஆண்டு முழுக்க முடி கொட்டும். காலையும் மாலையும் நடத்திக் கூட்டிப்போகாவிட்டால் உடல் பெருத்துவிடும். இடுப்பு மூட்டுக் கோளாறு இந்த இனத்தில் பரம்பரையாகவே வருவதால் கூடுதல் எடை கடைசியில் அதை நடக்கவிடாமல் செய்துவிடும். ஷிட்சூ சிறியது, மடியில் கிடக்கும், ஆனால் அன்றாடம் சீவாவிட்டால் முடி சடை பிடிக்கும். பீகிள் முயல் வேட்டைக்கென்று இங்கிலாந்தில் உருவாக்கப்பட்ட மோப்ப நாய். தனியாக விட்டுப் போனால் அது போடும் ஊளை நான்கு வீடு தள்ளிக் கேட்கும். பராமரிப்பே வேண்டாத இனம் என்று ஒன்று கிடையாது.

நம் ஊரில் எல்லாவற்றுக்கும் முன்னால் பார்க்க வேண்டியது வெயில். நாய்க்கு மனிதரைப் போல உடல் முழுக்க வியர்க்காது. நாக்கைத் தொங்கவிட்டு இரைத்துத்தான் சூட்டைத் தணித்துக்கொள்ளும். பக், பிரெஞ்சு புல்டாக் போன்ற சப்பை மூக்கு நாய்களுக்கு மூச்சுப்பாதையே குறுகல் என்பதால் அதுவும் சரியாக நடக்காது. 2003-இல் ஹட்ச் விளம்பரத்தில் ஒரு சிறுவனின் பின்னால் ஓடிய பக் நாயைப் பார்த்து நாடே அந்த இனத்தைத் தேடி ஓடியது. அந்த நாய்க்கு அக்னி நட்சத்திரத்தில் மூச்சு வாங்குவதை எந்த விளம்பரமும் காட்டாது. தமிழ்நாடு அரசு 2024-இல் வெளியிட்ட நாய் இனப்பெருக்கக் கொள்கை பக், பிரெஞ்சு புல்டாக், சைபீரியன் ஹஸ்கி, செயின்ட் பெர்னார்ட் உள்ளிட்ட 11 இனங்களை இங்கே இனப்பெருக்கம் செய்யக் கூடாதவை என்று பட்டியலிட்டது. நம் தட்பவெப்பத்தில் அவை படும் பாடே அதற்குக் காரணம். ஏசி போட்டு வைத்துக்கொள்கிறோம் என்பவர்கள் மின்வெட்டையும் மின்கட்டணத்தையும் நினைத்துப் பார்க்கட்டும். அந்த நாய்க்கு வீட்டுக்கு வெளியே ஒரு வாழ்க்கை வேண்டாமா என்பதையும்.

அப்படியானால் நம் நாட்டு இனங்கள்? ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை நான்கும் இந்த வெயிலுக்குப் பழகியவை, குட்டை முடி, எளிதில் நோய் அண்டாது. சென்னை சைதாப்பேட்டையில் கால்நடை பராமரிப்புத் துறையே இவற்றுக்கு ஓர் இனப்பெருக்கப் பிரிவு நடத்துகிறது. ஆனாலும் நான் இவற்றை இரண்டு படுக்கையறை ஃபிளாட்டுக்குச் சிபாரிசு செய்ய மாட்டேன். வேட்டைக்கும் காவலுக்கும் வளர்க்கப்பட்ட இவற்றுக்குத் தினமும் கால் நீட்டி ஓட இடம் வேண்டும், அந்நியர் வந்து போகும் வீட்டில் கட்டுப்படுத்தப் பழகிய கை வேண்டும். ராஜபாளையத்தின் வெள்ளை நிறத்தோடு பிறவிச் செவிட்டுத்தன்மையும் சேர்ந்து வருவதுண்டு. வாங்குவதற்கு முன் குட்டியின் முதுகுப்பக்கம் நின்று கை தட்டிப் பார்ப்பது நல்லது.

குழந்தைகள் உள்ள, நாய் வளர்த்துப் பழக்கமில்லாத குடும்பத்துக்கு என் சிபாரிசு ஒன்றுதான்: காப்பகத்திலிருந்து இரண்டு மூன்று வயதான, கருத்தடை செய்த சாதாரண நாட்டு நாய். குட்டி எப்படி வளரும் என்பது யாருக்கும் தெரியாது. வளர்ந்த நாயின் குணம் கண்ணெதிரே இருக்கிறது. சாப்பிடும்போது பக்கத்தில் போனால் உறுமுகிறதா, குழந்தை ஓடினால் துரத்துகிறதா, காதைத் தொட விடுகிறதா என்று இரண்டு மூன்று முறை போய்ப் பார்த்தே முடிவு செய்யலாம். 1959-இல் தொடங்கிய சென்னை புளூ கிராஸ் போன்ற அமைப்புகளில் இப்படிப்பட்ட நாய்கள் காத்திருக்கின்றன.

இல்லை, குட்டிதான் வேண்டும் என்றால் சட்டம் உங்களுக்குத் தந்திருக்கும் உரிமைகளைத் தெரிந்துகொண்டு போங்கள். நாய் இனப்பெருக்கம், விற்பனை தொடர்பான மத்திய விதிகள் 2017-இலும் செல்லப்பிராணிக் கடைகளுக்கான விதிகள் 2018-இலும் வந்துவிட்டன. பிரீடரோ கடையோ மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். அந்தச் சான்றைக் காட்டுங்கள் என்று கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது. தடுப்பூசி, பூச்சி மருந்து கொடுத்த தேதிகளையும் பார்த்த மருத்துவரின் பெயர், முகவரியையும் எழுத்தில் தர வேண்டும், ரசீதும் தர வேண்டும். பெட்டை நாய்க்கு 18 மாதம் நிறையும் முன் இனச்சேர்க்கை கூடாது, ஆண்டுக்கு ஓர் ஈற்றுக்கு மேல் கூடாது, வாழ்நாளில் ஐந்துக்கு மேல் கூடாது. கண் திறந்து சில நாளே ஆன குட்டியைத் தாயிடமிருந்து பிரித்துக் கூடையில் வைத்து விற்பதற்குப் பரிதாபப்பட்டுப் பணம் கொடுத்தால், அடுத்த கூடையும் நிரம்பும்.

"கேசிஐ பேப்பர் இருக்கு" என்பார்கள். கென்னல் கிளப் ஆஃப் இந்தியாவின் அந்தப் பதிவுக் காகிதம் தாய் தகப்பன் யார் என்று சொல்லும், குட்டி ஆரோக்கியமானது என்று சொல்லாது. காகிதத்தைவிட முக்கியமானது தாயைப் பார்ப்பது. தாயைக் காட்ட மறுத்தால் எழுந்து வந்துவிடுங்கள். மனிதரைக் கண்டு ஒடுங்கும் தாய், பால் வற்றி எலும்பு தெரியும் தாய் எதைச் சொல்கிறது என்பதற்கு விளக்கம் தேவையில்லை.

வாங்கி வந்த சில நாளில் வாந்தியும் ரத்தப்பேதியுமாகக் குட்டி சுருண்டுவிடுவது அடிக்கடி நடக்கிறது. பெரும்பாலும் பார்வோ வைரஸ். உடம்புக்குள் புகுந்த கிருமி வெளிப்பட ஏறக்குறைய ஒரு வாரம் ஆகலாம் என்பதால், வாங்கி இரண்டு மூன்று நாளிலேயே நோய் தெரிந்தால் தொற்று விற்ற இடத்திலேயே ஏற்பட்டிருக்க வாய்ப்பு அதிகம். வாங்கிய மறுநாளே கால்நடை மருத்துவரிடம் காட்டி, தேதியோடு அறிக்கை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். விற்பவர் கைவிரித்தால் ரசீது, அறிக்கை, சிகிச்சைச் செலவு, வாட்ஸ்அப் உரையாடல் எல்லாவற்றோடும் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை நாடலாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் கட்டணம் கிடையாது, வக்கீல் கட்டாயமில்லை, இரண்டு ஆண்டுக்குள் புகார் செய்யலாம். எங்கே தொடங்குவது என்று தெரியாவிட்டால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணைக் கூப்பிடுங்கள். இணையத்தில் படத்தைக் காட்டி அட்வான்ஸ் வாங்கி, பிறகு வண்டிக்கு இவ்வளவு, கூண்டுக்கு இவ்வளவு என்று பிடுங்கிக்கொண்டே போகிறவர்களிடம் மாட்டிக்கொண்டால் அது சைபர் குற்றம். உடனே 1930-க்கு அழைத்தால் பணத்தை வழியிலேயே முடக்க வாய்ப்பிருக்கிறது.

வீட்டுக்கு வந்த பிறகு உரிமையோடு பொறுப்பும் சேர்கிறது. மாநகராட்சியில் உரிமம் எடுக்க வேண்டும், ஆண்டுதோறும் ரேபிஸ் தடுப்பூசி போட வேண்டும். அடுக்குமாடிச் சங்கம் பெரும்பான்மைத் தீர்மானம் போட்டாலும் நாய் வளர்ப்பதைத் தடை செய்ய முடியாது என்பது விலங்குகள் நல வாரியம் 2015-இல் தந்த வழிகாட்டுதல். லிஃப்டில் ஏற்றாதே என்றும் சொல்ல முடியாது. பெல்ட் இல்லாமல் கூட்டிப்போவதற்கும் கழிவை அள்ளாமல் வருவதற்கும் அதில் இடமில்லை. 2024 மே மாதம் சென்னையில் ஒரு பூங்காவில் 5 வயதுச் சிறுமியை இரண்டு ராட்வெய்லர்கள் கடித்துக் குதறியதில் நாய்களின் உரிமையாளர் கைதானார். நாயைக் கவனக்குறைவாக வைத்திருந்து பிறருக்கு ஆபத்து உண்டாக்கினால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 291-ஆம் பிரிவில் ஆறு மாதம் வரை சிறைக்கு இடமிருக்கிறது.

எவ்வளவு சாதுவான நாயாக இருந்தாலும் சின்னக் குழந்தையோடு தனியாக விடாதீர்கள். குழந்தையின் முகம் நாயின் வாய் உயரத்தில் இருக்கிறது. தூங்கும் நாயை எழுப்பக் கூடாது, தட்டில் கை வைக்கக் கூடாது என்பதைக் குழந்தைக்கு முதலில் கற்றுக்கொடுங்கள். தவறிப் பல் பட்டுவிட்டால், நம் வீட்டு நாய்தானே என்று விட்டுவிடாமல் ஓடும் நீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவி அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மஞ்சளும் மிளகாய்ப் பொடியும் வைப்பது வேண்டாம்.

வளர்க்க முடியாத நிலை வந்தால் இரவோடிரவாக வேறு தெருவில் இறக்கிவிட்டு வருவது 1960-ஆம் ஆண்டு மிருகவதைத் தடைச் சட்டத்தின்படி குற்றம். முதல்முறை பிடிபட்டால் அதற்கான அபராதம் இன்றைக்கும் 10 முதல் 50 ரூபாய்தான் என்பது வெட்கக்கேடு. வீட்டுச் சோறு தின்று வளர்ந்த நாய் தெருவில் பல நாள் தாங்காது. கைமாற்றிக் கொடுப்பதானால் தெரிந்த குடும்பத்தைத் தேடுங்கள், இல்லாவிட்டால் காப்பகத்தில் முன்கூட்டியே பேசுங்கள். அது எதற்குப் பயப்படும், எதைத் தின்னாது என்று எழுதி, தடுப்பூசி அட்டையையும் நாயோடு சேர்த்தே கொடுங்கள்.