மாடும் தின்னாத பூண்டு

சித்திரை விடுமுறையில் மாணவர் சிலரை அழைத்துக்கொண்டு அறுகம்பே சென்றிருந்தோம். அலைச்சறுக்கு விளையாட்டுக்காக உலகின் பல மூலைகளிலிருந்தும் வருவோர் கடலையே நோக்கி நிற்க, நாமோ கடலுக்கு முதுகு காட்டிப் பொத்துவில் பக்கத்து மணற்றரையில் குனிந்து நடந்தோம். காரணம், முழங்கால் உயரத்தில் ஊதாப் பூக்களுடன் நின்ற ஒரு சிறு செடி.

“இது என்ன பூண்டு, காக்கா?” என்று வழியில் வந்த முதிய விவசாயி ஒருவரை வினவினோம்.

“மாடும் தின்னாத பூண்டு சேர்” என்று சிரித்தார் அவர்.

அதுவே கொழுஞ்சி. யாழ்ப்பாணத்தார் காவிளாய் என்பர், சிங்களத்தில் பிலா. அவரைக் குடும்பத்தைச் சேர்ந்தது. இதன் சிற்றிலை ஒன்றின் நுனியைப் பிடித்து இழுத்துப் பாருங்கள். நேராகக் கிழியாது, அம்பின் இறகுபோல் இருபுறமும் சாய்ந்தே பிரியும். வடமொழியார் சரபுங்கம் என்று பெயரிட்டது இதனாற்றான். மாணவர்கள் இதைக் கண்டதும் வழியிலுள்ள இலைகளையெல்லாம் கிழிக்கத் தொடங்கிவிட்டனர்!

தாவரவியலார் இதனை அறிந்த வரலாறும் நம் தீவிலேயே தொடங்குகிறது. ஒல்லாந்தக் கம்பெனியின் வைத்தியராக 1670களில் இலங்கையிற் பணியாற்றிய பவுல் ஹேர்மன் என்பவர் உலர்த்திச் சேர்த்த செடிகளைக் கொண்டே, சுவீடன் தேசத்து லின்னேயஸ் 1747இல் இலங்கைத் தாவர நூலை வெளியிட்டார். கொழுஞ்சிக்கு அவர் 1753இல் இட்ட பெயருக்கும் ஹேர்மனின் செடியே ஆதாரம். அச்சேகரம் இன்று இலண்டன் இயற்கை வரலாற்று நூதனசாலையில் இருக்கின்றது.

இச்செடிக்கு ஒரு தூரத்து உறவும் உண்டு. வட அமெரிக்காவின் பிரெயரிப் புல்வெளிகளில், மஞ்சளும் இளஞ்சிவப்பும் கலந்த பூக்களுடன் அதே இனத்துச் செடி ஒன்று தானாக வளர்கிறது. பால் பெருகுமென்று அதனை ஆடுகளுக்கு ஊட்டினராம் அந்நாட்டுக் குடியேறிகள்! வேரில் ரோட்டினோன் என்னும் நஞ்சு இருப்பது தெரிந்தபின் அவ்வழக்கம் நின்றது. ஆதிக்குடிகளோ அவ்வேரை இடித்து நீரிற் கலந்து மீன்களை மயக்கிப் பிடித்தனர்.

மாடு தின்னாதது குறையன்று. அறுவடைக்குப் பின் கால்நடைகள் மேயும் திறந்த வயலில் வேறெந்தப் பசுந்தாட் பயிர் தப்பும்? தமிழ்நாட்டு நெல் வயல்களில் கொழுஞ்சியை விதைத்து, வறட்சியில் வளரவிட்டு, அடுத்த நடவுக்கு முன் மடக்கி உழுவது பழைய வழக்கம். அவரைக் குடும்ப வேர்களின் முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள நைதரசனைப் பிடித்துச் செடிக்கு உணவாக்குகின்றன என்பதை ஹெல்ரீகல், வில்ஃபார்த் என்னும் ஜெர்மானியர் 1886-1888இல் நிறுவினர். விதையின் தோல் மட்டும் மிகக் கடினம். கொதிநீரில் இரண்டு மூன்று நிமிடம் இட்டோ, மணலுடன் தேய்த்தோ விதைக்கவேண்டும். முளைத்த பின்னும் தொடக்கத்தில் வளர்ச்சி மந்தமே. ஒருமுறை நிலைத்துவிட்டால் உதிர்ந்த விதையே அடுத்த ஆண்டு தானாக முளைக்கும்.

2021 மே மாதத்தில் இரசாயன உர இறக்குமதி திடீரெனத் தடைசெய்யப்பட்டபோது இச்செடியை நாம் பலமுறை நினைத்துக்கொண்டோம். நவம்பரில் தடை தளர்ந்தது. ஆயினும் அப்பெரும்போகத்து விளைச்சல் நாடெங்கும் கடுமையாகச் சரிந்தது. கொழுஞ்சி ஒன்றே அவ்விழப்பைத் தடுத்திருக்கும் என்று சொல்வது பேதைமை. பசுந்தாட் பயிர் ஓரிரவில் உரமூட்டைக்கு ஈடாகாது. மண் தேறப் பல போகங்கள் செல்லும். ஆனால் சிறுபோகத்தில் நீரின்றித் தரிசாய்க் கிடக்கும் மானாவாரி வயல்களில் இதனைச் சோதித்துப் பார்க்க விதையைத் தவிரச் செலவென்ன?

முதியவரிடம் இவற்றைச் சொன்னோம். சற்றே வளைந்த காயொன்றை உடைத்து விதைகளை உள்ளங்கையில் உருட்டிப் பார்த்தார். “மாடு தின்னாதெண்டுதானே சேர், நாங்க புடுங்கி எறியிற” என்றவர், அவ்விதைகளைச் சால்வை நுனியில் முடிந்துகொண்டார்.