ஜிங்க் கூடினால் செம்பு குறையும்

அரியலூர் மாவட்டம் மீன்சுருட்டி பக்கத்து நெல் விவசாயிகளுக்கு ஜிங்க் சல்பேட் புதிதல்ல. ஏக்கருக்கு 10 கிலோவை மணலோடு கலந்து தூவச் சொல்வது வேளாண் துறையின் பழைய பரிந்துரை. டி.ஏ.பி.யோடு மட்டும் கலக்கக் கூடாது. கலந்தால் டி.ஏ.பி.யிலுள்ள மணிச்சத்து, ஜிங்க் எனும் துத்தநாகத்தைப் பிடித்துக்கொள்ளும், பயிருக்குச் சேராது.

மனித உடம்பிலும் துத்தநாகத்துக்கும் செம்புக்கும் இடையே இப்படி ஒரு இழுபறி உண்டு. நரம்பு மருத்துவர்கள் ஒரு நோயை ஆராயும்போது அதைக் கவனமாகப் பார்க்கிறார்கள்.

மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ், சுருக்கமாக எம்.எஸ்., 1868-இல் பாரிஸ் மருத்துவர் சார்க்கோ விவரித்த நோய். நோய் எதிர்ப்பு சக்தியே மூளை, தண்டுவட நரம்புகளின் மேலுறையைத் தாக்கும். பார்வை மங்கும், கால் மரத்துப்போகும், நடை தள்ளாடும். இந்தியாவின் 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிட்ட 21 குறைபாடுகளில் இதுவும் ஒன்று.

இந்த நோயாளிகளின் ரத்தத்தில் துத்தநாகம் சராசரியாகச் சற்றுக் குறைவு என்கின்றன பல ஆய்வுகள். செம்பு விஷயத்தில் முடிவுகள் ஒத்துப்போகவில்லை. அப்படியானால் துத்தநாகக் குறைவுதான் நோய்க்குக் காரணமா? அவசரப்படக் கூடாது. உடம்பில் எங்கே அழற்சி வந்தாலும் கல்லீரல் ரத்தத்திலிருந்து துத்தநாகத்தை இழுத்துக்கொள்ளும். செம்பைச் சுமக்கும் புரதத்தைக் கூடுதலாக வெளியே விடும். குறைவு என்பது நோயின் விளைவாகவும் இருக்கலாம்.

செம்பின் மேல் சந்தேகம் விழுந்த கதை விசித்திரமானது. செம்புச் சத்து குறைந்த ஆடுகள் ஈன்ற குட்டிகள் பின்னங்கால் தள்ளாடி விழும். ஆங்கிலேயர் அதை ‘ஸ்வேபேக்’ என்றார்கள். அந்த நோயை ஆராய்ந்த 7 பேரில் 4 பேருக்கு எம்.எஸ். போன்ற நோய் வந்ததாக 1947-இல் ‘பிரெயின்’ மருத்துவ இதழ் எழுதியது. இரண்டுக்கும் தொடர்பு உண்டென்று இன்றுவரை நிரூபணமாகவில்லை.

நிரூபணமானது வேறொன்று. துத்தநாகம் மிகுந்தால் குடல் செல்களில் ஒரு புரதம் பெருகும். அது செம்பைப் பிடித்து வைத்துக்கொள்ள, செல்கள் உதிரும்போது செம்பும் மலத்தோடு போய்விடும். 2008-இல் அமெரிக்காவின் டல்லாஸ் மருத்துவர்கள் 4 பேரைப் பற்றி எழுதினார்கள். துத்தநாகம் கலந்த பல்செட் பசையை அளவுக்கு மீறி நெடுநாள் பயன்படுத்தியவர்கள் அவர்கள். ரத்தத்தில் செம்பு அடிமட்டத்துக்குப் போய், நரம்பு கெட்டிருந்தது. அறிகுறிகளை மட்டும் பார்த்தால் எம்.எஸ்.ஸோ என்று எண்ணத் தோன்றும்.

ஜிங்க் மாத்திரை இன்று சீட்டில்லாமலே கிடைக்கிறது. எம்.எஸ்.ஸுக்கு அது மருந்தல்ல. மாதக்கணக்கில் விழுங்கி வரும் உங்களுக்குக் கால் மரத்துப்போனால், மருத்துவரிடம் அதை மறைக்காமல் சொல்லுங்கள். ரத்தத்தில் செம்பின் அளவையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.